பெட்ரோல் ஆவிக் கசிவு: பாகத்தை மாற்றும் முன் ஓட்டையைக் காட்டச் சொல்லுங்கள்

கேள்வி: கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் வசிக்கிறேன். என்னுடைய 2013ஆம் ஆண்டு டொயோட்டா கேம்ரியில் செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. உதிரிபாகக் கடையில் ஸ்கேனர் வைத்துப் பார்த்து, பி0456 என்ற குறியீடு வருவதாகச் சொல்லிப் புதிய பெட்ரோல் மூடி ஒன்றை விற்றார்கள். உடனே விளக்கு அணைந்தது. பத்து நாளில் மறுபடி வந்துவிட்டது. இப்போது ஒரு மெக்கானிக், கேனிஸ்டரை மாற்ற வேண்டும், 900 டாலர் ஆகும் என்கிறார். அடுத்த மாதம் ஸ்மாக் செக் என்ற அரசின் கட்டாயப் புகைப் பரிசோதனை வருகிறது. காரை ஓட்டலாமா? அவர் சொல்வதுபோல் மாற்றிவிடலாமா?

பதில்: ஓட்டலாம். டாங்கிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியைக் காற்றில் கலக்கவிடாமல் கரி நிரப்பிய கேனிஸ்டரில் பிடித்து வைத்து, பிறகு எஞ்சினுக்கு அனுப்பி எரிக்கும் ஏற்பாடு ஒன்று உங்கள் காரில் இருக்கிறது. அதில் எங்கோ மிகச் சிறிய கசிவு இருக்கிறது என்பதுதான் பி0456. காரைச் சுற்றிப் பெட்ரோல் வாடை பலமாக அடித்தாலோ, அடியில் ஈரம் சொட்டினாலோ மட்டும் ஓட்டாதீர்கள். விளக்கு நிலையாக எரியாமல் மின்னி மின்னி எரிந்தால் அது வேறு கோளாறு, அவசரமானது. அரை மில்லிமீட்டர் ஓட்டைக்கும் ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் பழுதுக்கும் ஒரே மஞ்சள் விளக்கை வைத்துவிட்டு, பார்ப்பவரே புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்ட இந்த ஏற்பாட்டை யார் மெச்சிக்கொண்டாலும் என்னால் மெச்ச முடியவில்லை.

கேனிஸ்டரை இப்போதைக்கு மாற்றாதீர்கள். காரணம் புரிய, கார் இந்தக் கசிவை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்தால் போதும். நீங்கள் காரை நிறுத்திவிட்டுச் சென்று ஏறத்தாழ ஐந்து மணி நேரம் கழித்து, பின்பக்கத்தில் உள்ள ஒரு சிறு மின்பம்ப் தானாக ஓடத் தொடங்கும். (நள்ளிரவில் காரடியில் மெல்லிய ரீங்காரம் கேட்கிறதென்று பயந்து டீலரிடம் ஓடியவர்கள் உண்டு.) அது முதலில் 0.02 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துளை வழியாகக் காற்றை இழுத்து ஓர் அளவை எடுத்துக்கொள்ளும். அடுத்து டாங்க், ஹோஸ்கள், கேனிஸ்டர், மூடி அனைத்தையும் சேர்த்து இழுத்துப் பார்க்கும். முழு அமைப்பிலும் வெற்றிடம் அந்த அளவை எட்டவில்லையென்றால், அரை மில்லிமீட்டருக்குக் குறையாத ஓட்டை ஒன்று எங்கோ இருக்கிறது என்று கணினி முடிவு கட்டும். அது எங்கே என்று கணினிக்குத் தெரியாது. அந்தக் குறியீட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கேனிஸ்டர் என்று சொல்பவருக்கும் தெரியாது.

மூடியை மாற்றியதும் விளக்கு அணைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். புதிய மூடியால் விளக்கு உடனே அணையாது; சோதனை அடுத்தடுத்துப் பல முறை தேறினால்தான் தானாக அணையும். கடையில் ஸ்கேனரால் குறியீட்டை அழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சோதனை நடக்கத் தட்பவெப்பமும் டாங்கில் உள்ள பெட்ரோலின் அளவும் ஒத்துவர வேண்டும். அதன் பிறகும் இரண்டு முறை தோற்றால்தான் விளக்கு எரியும். உங்கள் பத்து நாள் கணக்கு அதில் போனது. மூடி குற்றமற்றது என்றும் இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் மலிவான மாற்று மூடிகள் பல சரியாக இறுகுவதில்லை. பழைய மூடி கையில் இருந்தால் அதன் ரப்பர் வளையத்தை நகத்தால் மெல்ல மடக்கிப் பாருங்கள்: முடி போன்ற வெடிப்பு தெரிந்தால் மூடிதான் குற்றவாளி, டொயோட்டாவின் சொந்த மூடியை வாங்குங்கள். வளையம் மிருதுவாகவும் வெடிப்பில்லாமலும் இருந்தால் பழையதையே திரும்பப் போட்டு, கிளிக் சத்தம் கேட்கும்வரை திருகுங்கள். மூடி உட்காரும் குழாய் விளிம்பையும் துணியால் துடைத்து, துரு இருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கு அடுத்தபடி செலவழிக்க வேண்டியது பாகத்துக்கு அன்று, புகைச் சோதனைக்கு. ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வரும் இடத்தைக் காட்டுவாரே பஞ்சர் கடைக்காரர், அந்த வேலையை இங்கே புகை செய்கிறது. வெளிக்காற்று வரும் வழியை அடைத்துவிட்டு, மிகக் குறைந்த அழுத்தத்தில் ஆவிக்குழாய்களுக்குள் புகையைச் செலுத்தினால் ஓட்டையின் வழியே அது இழையாக வெளிவரும். பெட்ரோல் ஆவி நிறைந்த டாங்க் என்பதால் நைட்ரஜன் போன்ற எரியாத வாயுவைக் கொண்டு செய்பவரிடம் போங்கள். டயருக்கு அடிக்கும் கம்ப்ரசரை மாட்டுபவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். பொதுவாக 100 முதல் 200 டாலருக்குள் முடியும். புகை வரும் இடத்தை நேரில் காட்டச் சொல்லுங்கள், அல்லது கைபேசியில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். தயங்குபவரிடம் பழுதுபார்க்கும் வேலையை ஒப்படைக்காதீர்கள். நீங்கள் இருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் எலி கடித்த ஹோஸ் சர்வசாதாரணம். டாங்கின் மேலுள்ள பம்பைச் சுற்றிய ரப்பர் வளையம், ஆவியை எஞ்சினுக்குத் திறந்துவிடும் பர்ஜ் வால்வு சரியாக மூடாதது ஆகியவையும் அடிக்கடி அகப்படும். பெட்ரோல் நிரப்பிய உடனே கார் கிளம்பத் திணறுகிறது என்றால் பர்ஜ் வால்வின் மீதுதான் முதல் சந்தேகம்.

கேனிஸ்டர் கெடவே கெடாது என்று நான் சொல்லவில்லை. பங்கில் குழாய் தானாக நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்தி நிரப்புபவர்களின் கேனிஸ்டருக்குள் திரவப் பெட்ரோல் இறங்கிக் கரியைக் கெடுத்துவிடும். உங்களுக்கு அந்தப் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். ஆனால் அப்போதும் புகைதான் சாட்சி சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாச் சட்டப்படி வேலை தொடங்கும் முன் எழுத்துமூலமான எஸ்டிமேட் உங்கள் உரிமை; கையெழுத்திடும்போதே கேட்டால், கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டியதும் அவர்கள் கடமை. அதைக் கேட்ட மாத்திரத்தில் 900 டாலர் சில இடங்களில் இறங்கிவிடும்.

இன்னொரு பொறி, ஸ்மாக் செக்குக்கு முதல் நாள் குறியீட்டை அழித்துத் தருகிறேன் என்பவர்கள். அழித்தால் கார் தன்னைத் தானே சோதித்துச் சேர்த்து வைத்த முடிவுகள் அனைத்தும் போய்விடும். பெட்ரோல் கார்களில் 2000ஆம் ஆண்டிலிருந்து வந்தவற்றுக்கு ஆவிச் சோதனை ஒன்று மட்டும் முடியாமல் இருக்கலாம். மற்றவை முடிந்திருக்க வேண்டும். சோதனையே முடியாத காருக்கு மன்னிப்பு உண்டு, சோதித்து அரை மில்லிமீட்டர் ஓட்டையை நேர்மையாக ஒப்புக்கொண்ட காருக்கு இல்லை என்பதுதான் இந்த விதியின் அழகு. அது போதாதென்று, 2010ஆம் ஆண்டிலிருந்து வந்த கார்களில் ஸ்கேனரால் அழிக்க முடியாத நிரந்தரக் குறியீடு ஒன்றும் தங்கிவிடும். அதைப் பார்த்தும் தோற்கடிப்பார்கள். அழித்த பிறகு 200 மைல் ஓடி, எஞ்சின் 15 முறை குளிர்ந்து சூடேறியிருந்தால் மட்டும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே கசிவை அடைத்த நாளுக்கும் ஸ்மாக் செக்குக்கும் இடையே இரண்டு மூன்று வாரமாவது விடுங்கள். நிச்சயம் பாஸ் என்று காசு வாங்குபவர்கள் வேறொரு காரின் விவரத்தைச் செலுத்திச் சான்றிதழ் எடுப்பவர்கள்; அது குற்றம், பக்கத்திலேயே போகாதீர்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதை அறியாமல் சொந்தப் பணத்தைக் கொட்டியவர்கள் ஏராளம். சாதாரணமாகக் கலிஃபோர்னியாவில் புகைக்கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கு 3 ஆண்டு அல்லது 50,000 மைல் உத்தரவாதம். கையேட்டில் பட்டியலிட்ட விலை கூடிய பாகங்களுக்கு 7 ஆண்டு அல்லது 70,000 மைல். உங்கள் காருக்கு இரண்டுமே காலாவதி. ஆனால் அக்காலத்தில் பி.இஸட்.இ.வி. (PZEV, மிகக் குறைவாகப் புகை விடும் கார்கள்) என்ற பிரிவில் சான்று பெற்று விற்ற கார்களுக்கு, டொயோட்டாவின் மூன்றாம் தலைமுறை ப்ரியஸ் போன்றவற்றுக்கு, இந்த உத்தரவாதம் 15 ஆண்டு அல்லது 150,000 மைல், எது முந்துகிறதோ அதுவரை. அதாவது 2013இல் விற்ற அத்தகைய கார் மைல் கணக்கைத் தாண்டாதிருந்தால் 2028வரை டீலர் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். நீங்கள் இரண்டாம் கைக்கு வாங்கியிருந்தாலும் இந்த உத்தரவாதம் காரோடு வரும். பானட்டைத் தூக்கினால் உள்பக்கத்தில் புகைக்கட்டுப்பாட்டு விவரச் சீட்டு ஒட்டியிருக்கும். அதில் அந்த நான்கு எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், காரின் அடையாள எண்ணை (VIN) சொல்லி எந்தப் பாகங்கள் அடங்கும் என்று டீலரிடம் கேளுங்கள். அங்கே முகப்பில் உட்கார்ந்திருப்பவர் அவராகச் சொல்லமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும், முதல் பதில் இல்லை என்று வந்தால் கையேட்டின் பக்கத்தைக் காட்டிக் கேட்க வேண்டும்.

இதற்குள் பதிவுப் புதுப்பிப்பு நாள் நெருங்கிவிட்டால் ஸ்மாக் முடியட்டும் என்று காத்திருக்காமல் வாகனப் பதிவு அலுவலகமான டிஎம்வியின் கட்டணத்தைக் கெடுவுக்கு முன்பே கட்டிவிடுங்கள்; அபராதம் வராது. ஸ்மாக் செக்கில் தோற்றாலும் 50 டாலர் கட்டினால் 60 நாளுக்குத் தற்காலிக அனுமதி கிடைக்கும்.