கல் நட்ட பிறகு

கேள்வி: எங்கள் ஊர்க் குளத்துக்குப் பின்னால் உள்ள காட்டில் ஒரு பக்கம் வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நட்டிருக்கிறது. போருக்கு முன் நாங்கள் விதைத்த வயலும் அதற்குள் போய்விட்டது. மறுபக்கம் டிப்பர்கள் வந்து கிரவல் மண் அள்ளுகின்றன. காட்டைக் காக்க வேண்டும் என்றால் 'நீ வனவளக்காரரின் ஆள்' என்கிறார்கள். வயலை விடுவிக்கச் சொன்னால் 'காடழிக்கப் பார்க்கிறாய்' என்கிறார்கள். திட்டமிடலில் மக்கள் பங்கேற்பு என்பதெல்லாம் கண்துடைப்புத்தானே?
(ஒரு வாசகர், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு)

பதில்: பாதி கண்துடைப்பு. மறுபாதி நம் சோம்பல். இரண்டாவதைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

முதல் பாதியில் உங்கள் பக்கம்தான் நியாயம். சனம் இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில் வயலில் பற்றை முளைத்தது, பற்றை காடானது, காட்டுக்குக் கல் வந்தது. வரம்பு இன்னும் காலில் இடறுகிற நிலத்தைக்கூட வரைபடத்தில் பச்சையாகத் தீட்டி வைத்திருக்கிறார்கள். 1985ஆம் ஆண்டு வரைபடத்தின்படி எல்லைகளைத் திருத்துவோம் என்று அரச தரப்பே சொல்லியும் ஆயிற்று. ஆனால் கிரவல் அள்ளுகிறவனும் உங்களைக் கேட்டுவிட்டு வரவில்லையே. காப்பதாகச் சொல்லும் தாளும் அள்ள அனுமதிக்கும் தாளும் உங்கள் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு மேசையில்தான் கையெழுத்தாகின்றன. அதனால் 'காடா, வயலா' என்று ஊருக்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது வீண் வேலை. குளத்தின் நீரேந்து பகுதியில் மண்ணைக் கிண்டினால் அடுத்த மாரியில் அந்த மண் குளத்துக்குள் வரும். குளம் தூர்ந்தால் வயலுக்கு எங்கிருந்து தண்ணீர்? பாலையும் வீரையும் நிற்கிற அந்தக் காடு போனால் யானை எங்கே போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை, உங்கள் தென்னங்கன்றுகளைக் கேளுங்கள்.

சரி, இனிச் சோம்பல்.

வன்னியில் மக்கள் பங்கேற்பு என்றால் என்னவென்று யாரும் வெளியிலிருந்து வந்து வகுப்பெடுக்க வேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தின் சிறுபோகக் (கோடைக்கால நெற்செய்கை) கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் துருசு (மதகு) திறப்பது, கடைசித் தண்ணீர் எப்போது, கட்டாக்காலி மாட்டை எந்த நாளிலிருந்து கட்டுவது, எல்லாம் கூட்டத்தில் பேசித்தான் முடிவாகும். நான் போயிருந்த ஒரு கூட்டத்தில் அதிகாரி கணக்கை வாசித்து முடிக்கவும் பின்வரிசையில் ஒரு பெரியவர் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு எழும்பினார். "ஐயா, உங்கட கொப்பியில தண்ணி இருக்கு. என்ர வாய்க்கால் கடைசியில இல்லை. ஒருக்கா வந்து பாத்திட்டு எழுதுங்கோ." மண்டபம் சிரித்தது, அதிகாரியும் சிரித்தார். ஆனால் பேனையைத் திறந்து அந்த வாய்க்காலின் பெயரைக் குறித்துக்கொண்டார்.

தண்ணீருக்கு இப்படி எழும்புகிற நாம் நிலத்துக்கு ஏன் எழும்புவதில்லை? கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் வீட்டுத்திட்டம் பற்றியது என்றால் கதிரை போதாது. காணிப் பயன்பாடு பற்றியது என்றால் தலைவர், செயலாளர், விதானையார் (கிராம அலுவலர்), அப்புறம் தேநீர் ஊற்ற வந்த பிள்ளை. அறிக்கையில் 'மக்களுடன் கலந்துரையாடப்பட்டது' என்று எழுத அந்த நாலு பேர் போதும்.

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. ஒரு ஹெக்டேயருக்கு மேல், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு மேல், காட்டை வேறு தேவைக்கு மாற்றுவதானால் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். அதற்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு (திட்டம் சூழலை எப்படிப் பாதிக்கும் என்ற ஆய்வு) செய்தால் அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து 30 நாள் கருத்துக் கேட்க வேண்டும். துண்டு துண்டாகப் பிரித்து ஒரு ஹெக்டேயருக்குள் அடக்கிவிட்டால் அந்தக் கேள்வியே எழாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த 30 நாள் நடைமுறையில் எப்படி இருக்கும்? நானே ஓர் அலுவலகத்துக்கு அறிக்கை பார்க்கப் போனேன். எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் பூட்டிய அலுமாரிக்குள்ளிருந்து எடுத்துத் தந்தார்கள். தலையணை மொத்தத்தில், முழுக்க ஆங்கிலத்தில். அதைவிட எனக்கு உறைத்தது வேறொன்று: பார்த்தவர்கள் கையெழுத்திடும் கொப்பியில் எனக்கு முன் ஒரு பெயரும் இல்லை.

2025 மார்ச் மாதம் வந்த காணி வர்த்தமானி (அரச அறிவித்தல்) நினைவிருக்கிறதா? வடக்கில் 5,941 ஏக்கர் காணி பற்றியது. அதில் முல்லைத்தீவில் மட்டும் 1,703. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி என்றார்கள். காணி உறுதிப் பத்திரம் தொலைந்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் எங்கே போய்க் கோருவது? எதிர்ப்புக் கிளம்பி, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஜூனில் இடைக்காலத் தடை வந்தது, அரசும் பின்வாங்கியது. மகிழ்ச்சிதான். ஆனால் வர்த்தமானி வந்த வாரத்தில் அதைப் படித்துப் பார்த்தவர் உங்கள் ஊரில் எத்தனை பேர்?

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். டிப்பரை மறித்துக்கொண்டு ரோட்டில் நிற்பதற்கு முன் ஒரு தாள் எழுதுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம், தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு செய்தாக வேண்டும். அகழ்வு அனுமதி யார் பெயரில், எந்தக் காணிக்கு, எத்தனை கியூப், எந்தத் திகதி வரை என்று கேளுங்கள். எல்லைக்கல்லுக்கு எந்த வர்த்தமானி, எந்த வரைபடம் என்று வனவளத் திணைக்களத்திடம் தனியாகக் கேளுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிக் குழப்பாதீர்கள்.

பதில் வரும்வரை சும்மா இருக்காமல் ஊர் முதியவர்கள் நாலைந்து பேரை மரநிழலில் இருத்தி, பிரிஸ்டல் மட்டை ஒன்றில் உங்கள் ஊரை நீங்களே வரையுங்கள். குளக்கட்டு, அலைகரை, மிகைநீர் வான் பாயும் பக்கம், மாடு மேயும் தரவை, பழைய வண்டிப்பாதை, யார் எந்த ஆண்டுவரை எங்கே விதைத்தார்கள் என்பது எல்லாம் அதில் வரட்டும். இது காடாகவே இருக்கட்டும் என்று நீங்கள் விடுகிற பகுதியையும் அதில் பச்சையால் தீட்டுங்கள். அதைத் தீட்டாமல் வயலை மட்டும் கேட்டுப் போனால் 'காடழிக்கப் பார்க்கிறாய்' என்ற பேச்சுக்கு உங்களிடம் பதில் இருக்காது. இந்த மட்டையோடு போனால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் பேச்சே வேறு மாதிரிப் போகும். பெரியவர்கள் இருக்கும்போதே வரைந்துவிடுங்கள், வரம்பு எங்கே போகிறதென்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பி.கு.: நீங்கள் அனுப்பிய படத்தில் கல்லில் உள்ள இலக்கம் தெளிவாக இல்லை. கிட்ட நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள். விண்ணப்பத்தில் அந்த இலக்கத்தை எழுத வேண்டும்.