காந்தச் செந்தூரமும் காந்த வளையலும் ஒன்றா?

கேள்வி: அம்மாவுக்கு ரத்தசோகை. சித்த மருத்துவர் காந்தச் செந்தூரம் கொடுத்திருக்கிறார். காந்த வளையல் விற்க வந்தவர், "பெயரிலேயே இருக்கே, ரெண்டும் ஒரே காந்தம்தான், இதைப் போட்டால் மருந்தே வேண்டாம்" என்கிறார். விலை 3,500 ரூபாய். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பணம் பீரோவிலேயே இருக்கட்டும்.

பெயர் ஒன்றுதான், சரி. வடமொழியில் அயஸ்காந்தம் என்பார்கள். அயஸ் இரும்பு, காந்தம் பிரியமானது, அதாவது இரும்புக்குப் பிரியமான கல். சித்த மருத்துவத்தில் காந்தம் என்றால் அந்தக் கறுப்புக் கல்தான். அதைச் சுத்தம் செய்து, மூலிகைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டி, புடம் போட்டு, அதாவது மூடி வைத்து நெருப்பில் சுட்டு, சிவப்புப் பொடியாக்கினால் செந்தூரம். அதில் உள்ள இரும்புக்காகக் கொடுக்கிறோம், கல்லின் இழுக்கும் சக்திக்காக இல்லை. வளையலிலிருந்து ஒரு துளி இரும்புகூட உடம்புக்குள் போகாது.

இந்த வியாபாரிகள் இன்னொன்றும் சொல்வார்கள், 'வயிறு காந்துது' என்கிறோமே, அந்தக் காந்தலை எடுப்பதால்தான் இது காந்தமாம்! எரிச்சலைச் சொல்லும் காந்துதல் வேறு சொல். அப்புறம் "ரத்தத்தில் இரும்பு இருக்கு, காந்தம் அதை இழுத்து ஓட வைக்கும்" என்பது. எம்ஆர்ஐ ஸ்கேனில் 1.5 டெஸ்லா வலுவுள்ள பெரிய காந்தத்துக்குள் ஆளையே படுக்க வைக்கிறார்கள், ரத்தம் ஒரு பக்கமாக இழுபடுகிறதா என்ன?

காந்தம் நிஜமாகவே வேலை காட்டும் ஓர் இடம் உண்டு, பேஸ்மேக்கர், இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சில் பொருத்தும் கருவி. பக்கத்தில் காந்தம் வந்தால் அது துடிப்பை நடத்தும் முறையே மாறிவிடும், இதய மருத்துவர்களே தேவைப்படும்போது மேலே காந்தம் வைத்து மாற்றுவார்கள். அதனால் வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் வளையல், காந்தப் படுக்கை, காந்த மூடியுள்ள செல்போன் உறை எதுவும் நெஞ்சுக்கு அரை அடிக்குள் வரக்கூடாது. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், பேரனுக்கு என்று வாங்கினாலும் அது தாத்தா தலையணைக்கு வந்து சேரும்.

மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954லேயே வந்துவிட்டது. கல்யாண மண்டபத்தில் 'இலவச காந்த சிகிச்சை முகாம்' பேனர் மட்டும் இன்னும் தொங்குகிறது, கேட்க நாதியில்லை. நாங்கள் ஒரு செந்தூரம் செய்ய உரிமம், லேபிள், தொகுதி எண் என்று அலைகிறோம்!

செந்தூரத்தையும் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மட்டும் கொடுங்கள், அவர் சொல்லும் தேதியில் ஹீமோகுளோபின் பாருங்கள். வளையல்காரர் திரும்ப வந்தால், 'ரத்தசோகை தீரும்' என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.