பழைய காரின் டிரம் பிரேக்: டிஸ்க்குக்கு மாறும் முன் ஒரு சாக்பீஸ் எடுங்கள்

கேள்வி: 1960களின் நடுவில் வந்த கார் ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், காலின் அழுத்தத்தைப் பெருக்கும் பூஸ்டர் கிடையாது. எட்டு வருடம் ஓடாமல் நின்ற வண்டி. நான்கு டிரம்மையும் லேத்தில் கொடுத்துக் கடைந்து, புது ஷூ போட்டு, பைப்பில் இருந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தாகிவிட்டது. ஆனாலும் முதல் மிதிக்குப் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் மேலே வந்துவிடுகிறது. அழுத்திப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. டிரம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு முன்னால் டிஸ்க் மாட்டு என்கிறார்கள் நண்பர்கள். மாட்டலாமா? இல்லையென்றால் இன்னும் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

பதில்: மாட்டலாம். ஆனால் இப்போது வேண்டாம். நீங்கள் சொன்ன இரண்டு அறிகுறிகளும் பொருத்தியதில் இருக்கும் குறையைக் காட்டுகின்றன. டிரம் என்ற அமைப்பின் மீது, அதாவது சக்கரத்தோடு சுழலும் கிண்ணத்தை இரண்டு ஷூக்கள் உள்ளிருந்து விரிந்து அழுத்திப் பிடிக்கும் முறையின் மீது, பழி போட அதில் எதுவும் இல்லை. இதே பைப், இதே ஹோஸ், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் இதே மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டு டிஸ்க், அதாவது சுழலும் தட்டை இரு பக்கமும் பேட் கவ்வும் பிரேக், போட்டால் பாதிக் கோளாறு அதனுடனும் சேர்ந்து வரும்.

முதலில் பெடல். மிதிக்கும்போது பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிகிறது. வெளியே ஈரமே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போயிருக்கிறது. முதல் மிதிக்குக் கீழே, அடுத்த மிதிக்கு மேலே என்றால் பெரும்பாலும் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இடைவெளி அதிகம். முதல் மிதி தள்ளும் ஆயில் முழுவதும் ஷூவை டிரம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே செலவாகிறது. ஷூ பின்வாங்குவதற்குள் வரும் இரண்டாவது மிதிதான் உண்மையில் பிரேக் பிடிக்கிறது. டிரம்மைக் கடைந்ததும் அதன் உள்விட்டம் கூடிவிட்டது. ஷூவை டிரம் பக்கம் நகர்த்தும் அட்ஜஸ்டரை அதற்கேற்ப ஏற்றாமல் விட்டிருப்பீர்கள். ஏர் எடுப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது.

சரி, அட்ஜஸ்டரை ஏற்றினால் மட்டும் போதுமா? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிரம்மின் விட்டம் 1 மில்லிமீட்டர் கூடினால் ஆரம் அரை மில்லிமீட்டர் கூடுகிறது. புது ஷூவின் வளைவோ பழைய அளவுக்குச் செய்தது. அதனால் ஷூ நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு, இரண்டு முனைகளிலும் தூக்கிக்கொண்டு நிற்கும். ஷூவின் மேல் ஒட்டிய உராய்வுப் பொருளான லைனிங்கில் ஒரு சிறு பட்டைதான் வேலை செய்யும். அதுவும் சூடேறிக் கண்ணாடி போலப் பளபளத்துவிடும். புது டிரம், புது ஷூ எல்லாம் போட்டும் நிற்கவில்லை என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். முன்பெல்லாம் பிரேக் பட்டறைகளில் ஷூவை டிரம்மின் அளவுக்கு வளைவாகத் தேய்த்துக் கொடுக்கும் இயந்திரம் இருக்கும். டிஸ்க் வந்த பிறகு அந்த வேலை அருகிப்போய்விட்டது.

இதைச் சோதிக்க ஒரு சாக்பீஸ் போதும். டிரம்மின் உள்பக்கம் முழுவதும் சாக்பீஸைத் தேயுங்கள். ஷூவைக் கையால் உள்ளே வைத்து அழுத்தி முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்துங்கள். லைனிங்கில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். நடுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் பட்டு, முனைகளில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் நல்ல பொருத்தம்; ஓட ஓட மீதியும் படிந்துவிடும். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் வெள்ளை இருந்தால் லைனிங் ஒட்டித் தருகிறவரிடம் டிரம்மையும் சேர்த்துக் கொடுத்து, கனம் கூடிய லைனிங் போட்டு அந்த டிரம்முக்கே வளைவு தேய்த்து வாங்குங்கள். இதற்கு நேர்மாறாக, முனைகள் தொட்டு நடுவில் இடைவெளி இருந்தால் அந்த ஷூவைப் போடவே வேண்டாம். கத்தும், வெடுக்கென்று கவ்வும். வீட்டில் உப்புத்தாள் வைத்து வளைவைச் சரிசெய்யும் ஆசையும் வேண்டாம், பழைய லைனிங் என்றால் நிச்சயமாக வேண்டாம். அந்தக் காலத்து லைனிங்குகளில் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

கடைந்த டிரம்மையும் அளந்து பாருங்கள். பல டிரம்களில் அதிகபட்ச விட்டம் வெளிப்பக்கம் வார்த்தே இருக்கும். இல்லாவிட்டால் காரின் கையேட்டில் இருப்பதே முடிவு. மூல அளவைவிட 1.5 மில்லிமீட்டருக்கு மேல் கடையக் கூடாது என்பது பல கார்களுக்குப் பொருந்தும் பொது வழக்கம். மெலிந்த டிரம் சூட்டில் சீக்கிரம் விரியும். அழுத்தினால் வடிவமும் மாறும். ஒரே அச்சிலுள்ள இரண்டு டிரம்களும் ஏறக்குறைய ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கடைவது இழுப்பை நாமே வரவழைப்பது. டிரம்மை ஒரு கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலித்தால் நல்லது, பொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். கழற்றும்போது விளிம்பில் ஓங்கி அடிக்காதீர்கள், வார்ப்பிரும்பு உடையும். என் முதல் வண்டியில் நான் அப்படித்தான் ஒரு டிரம்மை இழந்தேன்.

இழுப்புக்கு வருவோம். வண்டி இடப்பக்கம் இழுத்தால் எல்லோரும் இடது சக்கரத்தைத்தான் பிரிப்பார்கள். நான் முதலில் வலதைப் பிரிப்பேன். வண்டி எப்போதும் அதிகமாகப் பிடிக்கும் பக்கத்துக்குத்தான் திரும்பும். அதனால் ஒழுங்காக வேலை செய்யாத சக்கரம் எதிர்ப்பக்கம் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். டிரம் பிரேக்கில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரிய ஒரு காரணம் உண்டு. சுழலும் டிரம் லீடிங் ஷூவை, அதாவது சுழற்சியின் திசையில் விரியும் ஷூவை, தன்னோடு இழுத்து இன்னும் அழுத்திக்கொள்கிறது. இந்தத் தன்னழுத்தம்தான் பூஸ்டர் இல்லாமலேயே உங்கள் காலுக்குப் பலம் தருகிறது. பலத்தைப் பெருக்குகிற அதே இயக்கம் குறையையும் பெருக்கும். ஒரு பக்க லைனிங்கில் கொஞ்சம் எண்ணெய் பட்டிருந்தாலோ, ஒரு அட்ஜஸ்டர் நாலு பல் தளர்ந்திருந்தாலோ ஸ்டீயரிங்கில் தெரிந்துவிடும்.

எனவே வலது முன் சக்கரத்தில், ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் தூசி ரப்பரை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே சொட்டச் சொட்ட ஈரம் இருந்தால் சிலிண்டர் போய்விட்டது. எட்டு வருடம் நின்ற வண்டியில் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கவும் கூடும். உள்சுவரில் குழி விழுந்திருந்தால் வெறும் ரப்பர் கிட் போட்டுப் பயனில்லை. புது சிலிண்டர் வாங்குங்கள், கிடைக்காத மாடல் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் போட்டு வாங்குங்கள். பின்சக்கரத்தில் ஈரம் இருந்தால் அது பிரேக் ஆயிலா, ஆக்ஸில் சீல் வழியாக வந்த கியர் ஆயிலா என்று தெரிய வேண்டும். வழக்கமான பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்து கழுவிப் போகும். கியர் ஆயில் கலக்காது, நாற்றமும் காட்டிக்கொடுக்கும். எது பட்டிருந்தாலும் அந்த ஷூவைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டித் தேற்றப் பார்க்காதீர்கள். அச்சுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

ரப்பர் ஹோஸ்களை யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் பழைய ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். காலின் அழுத்தம் ஆயிலைத் தள்ளிவிடும், திரும்பி வர மட்டும் வழியிருக்காது. அந்தச் சக்கரம் காலை எடுத்த பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கும், அல்லது தாமதமாகப் பிடிக்கும். இழுப்புக்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

ஆயில் விஷயத்தில் ஒன்று மட்டும். பிரேக் ஆயில் தரங்களில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 சிலிக்கோன். பெயர் நெருங்கி இருப்பதால் 5.1ஐயும் அதையும் ஒன்றாக நினைத்து ஊற்றிவிடாதீர்கள். கிளைகாலும் சிலிக்கோனும் கலக்கவே கூடாது. கிளைகால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் கொதிநிலை இறங்கும். டாட் 4க்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும்; ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி. பெயின்ட்டையும் அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ தவறிப்போய் உள்ளே போனால் எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டி வரும்.

பூட்டும்போது ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள், பிரிக்காத பக்கம் மாதிரிக்கு இருக்கட்டும். ஒரு ஷூவின் தள்ளுதல் மற்ற ஷூவுக்கும் போய்ச் சேரும் டியோ சர்வோ வகையாக இருந்தால் ஒரு ஷூவில் லைனிங் குட்டையாகவும் மற்றதில் நீளமாகவும் இருக்கும். குட்டையானது வண்டியின் முன்பக்கம் பார்த்து வர வேண்டும். தானாக ஏறும் அட்ஜஸ்டர் உள்ள வண்டிகளில் இடது வலது மரைகள் எதிரெதிராக இருக்கும். மாற்றிப் போட்டால் ஏற வேண்டிய அட்ஜஸ்டர் ஒவ்வொரு முறையும் இறங்கும். உங்கள் பெடல் கதைக்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஷூக்களைத் தாங்கும் பேக் பிளேட்டில் ஷூ உராயும் மேடைகளைச் சுரண்டிப் பாருங்கள். பள்ளம் விழுந்திருந்தால் வெல்டு வைத்து அரம் போட்டு மட்டப்படுத்தி, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். சும்மா இருக்கும்போதே சுருள்களுக்கு நடுவே வெளிச்சம் தெரியும் ரிட்டர்ன் ஸ்பிரிங் நீண்டு தளர்ந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

அட்ஜஸ்ட் செய்யும் வரிசை முக்கியம். முதலில் ஹேண்ட் பிரேக் கேபிளை முழுக்கத் தளர்த்துங்கள். அட்ஜஸ்டரைச் சக்கரம் நிற்கும் வரை ஏற்றி, பெடலை இரண்டு முறை மிதித்து ஷூக்களை நடுவுக்கு வரவிட்டு, மறுபடி ஏற்றிப் பார்த்து, பிறகு லேசான உராய்வு மட்டும் கேட்கும் வரை இறக்குங்கள். கேபிளை அப்புறம் இழுத்தால் போதும். அட்ஜஸ்டரைத் தொடாமல் கேபிளை இழுத்துப் பெடலை உயர்த்திக் காட்டுவது ஏமாற்று வேலை. ஷூ அதன் இருக்கையில் போய் உட்காராது. பெடலின் தள்ளுதலை மாஸ்டர் சிலிண்டருக்குக் கொண்டுபோகும் புஷ்ராடில் கையேடு சொல்லும் சிறு இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் சூடேறி விரியும் ஆயில் டேங்குக்குத் திரும்ப முடியாமல் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். மறுபடி ஏர் எடுக்கும்போது பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். தரை வரை மிதித்தால் இத்தனை வருடம் போகாத துருப் பகுதியில் ரப்பர் உரசிக் கிழியும்.

இனி டிஸ்க். மலையிறக்கத்திலோ அதிவேகத்திலோ திரும்பத் திரும்பப் பிடிக்கும்போது டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் உராய்வும் குறையும். பிரேக் மங்குவது இதனால்தான். 1953இல் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் ஜாகுவார் சி-டைப் டிஸ்க் பிரேக்குடன் வென்றது. 1955இல் அதே பந்தயத்துக்கு டிரம்முடன் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர், பின்னால் எழும்பிக் காற்றைத் தடுக்கும் பலகை ஒன்றையும் சுமந்து வந்தது. உங்கள் ஓட்டம் அந்த ரகம் என்றால் டிஸ்க்குக்கு மாற நியாயம் இருக்கிறது. ஆனால் டிஸ்க்குக்குத் தன்னழுத்தம் கிடையாது, பூஸ்டர் இல்லாமல் பெடல் கல்லாக இருக்கும். பேடுகளை அழுத்தும் காலிப்பருக்கு ஆயில் அதிகம் வேண்டும், பழைய மாஸ்டர் சிலிண்டரின் அளவு போதாமல் போகலாம். டிரம்முக்காக அதில் இருக்கும், பைப்பில் எப்போதும் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்திவைக்கும் மிச்ச அழுத்த வால்வு, ஏறத்தாழ 10 பிஎஸ்ஐ, டிஸ்க்கில் பேடை உரசவிடும். பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பின்பக்க அழுத்தத்தை மட்டுப்படுத்தும் புரப்போர்ஷனிங் வால்வு வேண்டும். பழைய ரிம்முக்குள் காலிப்பர் அடங்குமா என்பதையும் அளக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், முதலில் செலவு செய்ய வேண்டியது மாஸ்டர் சிலிண்டருக்கு. உங்கள் வண்டியில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைச் சர்க்யூட், அதாவது நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. டிரம்மானாலும் டிஸ்க்கானாலும் இந்த ஆபத்து மாறாது. அமெரிக்காவில் 1968 முதல் புதுக் கார்களுக்கு, ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்கும் இரட்டை அமைப்பு கட்டாயமானது. உங்கள் மாடலுக்குப் பொருந்தும் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் கிடைத்தால் அதைப் போட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் காலியான சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இதமாகக் குறைத்து, ஆறவிட்டு, 20 முறை போலச் செய்து ஷூவைப் படியவிடுங்கள். நிறுத்தியதும் நான்கு டிரம்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒரே அச்சில் ஒன்று அனலாகவும் மற்றது வெதுவெதுப்பாகவும் இருந்தால் எந்தப் பக்கம் இன்னும் வேலை பாக்கி என்று தெரிந்துவிடும். 500 கிலோமீட்டர் ஓடியதும் அட்ஜஸ்டரை இன்னொரு முறை ஏற்றுங்கள். அதற்குப் பிறகும் டிஸ்க் மாட்ட ஆசை இருந்தால் மாட்டுங்கள், ஆனால் கழற்றும் டிரம், பேக் பிளேட், ஸ்பிரிங் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிரீஸ் தடவி, இடது வலது என்று எழுதிப் பெட்டியில் வையுங்கள்.