மையத்தில் சேர்க்க மூவாயிரம் வெள்ளி எதற்கு?

மலேசியாவின் பினாங்கில் உள்ள நிபோங் திபாலிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 26 வயது. இரண்டு வருடமாக வேலைக்குப் போவதில்லை. தனக்குத்தானே பேசுகிறான், யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்கிறான். ஜார்ஜ்டவுனில் ஒரு தொண்டு மனநல மையம் இருக்கிறதாம். 3,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் அங்கே சேர்த்துவிட்டு, ஓகேயு என்கிற மாற்றுத்திறனாளி அட்டையும் எடுத்துத் தருவதாகத் தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள், அம்மா. ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

தொண்டு மையம் என்றதும் கட்டில் போட்டு ஆளை வைத்துக்கொள்ளும் இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது காலையில் வந்து மாலையில் வீடு திரும்பும் இடம். வருபவர்கள் சமைப்பார்கள், கைவேலை செய்வார்கள், வேலைக்குப் பழகுவார்கள்; மையத்தில் இருப்பவர்கள் குடும்பத்தாரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். நான் பணிபுரிந்த மையத்தில் ஒரு பையன் மூன்று மாதம் வாயே திறக்காமல் வெங்காயம் மட்டும் உரித்துக்கொண்டிருந்தான். ஒருநாள், "அக்கா, கத்தி மழுங்கிப்போச்சு" என்றான். அன்று சமையலறையில் எல்லாரும் கையில் இருந்த வேலையை அப்படியே நிறுத்திவிட்டோம். இந்த மையங்களின் வேலை இப்படித்தான் நடக்கும், மெதுவாக. கட்டணம் இருந்தால் மையமே நேரில் சொல்லும், ரசீதும் தரும். நடுவில் ஆள் தேவையில்லை.

ஆனால் மருந்து அங்கே கிடைக்காது. உங்கள் மகனுக்கு முதலில் வேண்டியது டாக்டர். பக்கத்தில் உள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்குக்குப் போங்கள், ஒரு வெள்ளிதான். செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ பினாங்குப் பெரிய மருத்துவமனைக்கோ மனநலப் பிரிவில் பார்க்கக் கடிதம் கேளுங்கள். தேதி கிடைக்க வாரக் கணக்கில் ஆகலாம். படபடக்கும் ஒரு தாயைக் கவுண்டர் கவுண்டராக அலைய விடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறுத்தே போய்விட்டது. அந்த அலைச்சலில்தான் இந்த இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள். மகன் சாவதைப் பற்றிப் பேசினால் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தற்கொலை முயற்சி 2023 முதல் குற்றமில்லை, போலீசுக்குப் பயந்து மறைக்காதீர்கள்.

அப்புறம் அந்த அட்டை. சமூக நல இலாகாவில் ஓகேயு பதிவு இலவசம். மனநோய்க்கு என்றால் குறைந்தது இரண்டு வருடம் சிகிச்சையில் இருந்திருக்க வேண்டும், டாக்டர் உறுதி செய்ய வேண்டும். இரண்டு வருடமாக வீட்டில் முடங்கிக் கிடப்பது இந்தக் கணக்கில் சேராது. டாக்டரையே பார்க்காத பையனுக்கு அட்டை வாங்கித் தருகிறேன் என்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

சரி, மகன் வரவே மாட்டேன் என்றால்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எந்தத் தொண்டு மையமும் அவரை இழுத்துக்கொண்டு போக முடியாது. 2001 மனநலச் சட்டப்படி, உறவினரான நீங்கள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். டாக்டர் ஒருவர் அவரை நேரில் பார்த்துப் பரிந்துரைக்க வேண்டும். பார்த்து ஐந்து நாளுக்குள் மனநல மருத்துவமனையில் சேர்த்தாக வேண்டும். அப்படிச் சேர்த்தாலும் அந்த விண்ணப்பத்தையும் பரிந்துரையையும் மட்டும் காட்டி ஒரு மாதத்துக்கு மேல் அங்கே தங்கவைக்க முடியாது. தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்றால் போலீசைக் கூப்பிடலாம், அவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். இந்த வழிகளைத் தவிர, நாலு ஆளோடு வேன் அனுப்பி, கையைக் கட்டித் தூக்கிப்போய்ப் பூட்டி வைக்கும் 'இல்லங்கள்' வேண்டவே வேண்டாம். அப்படிப் போய் வந்தவர்கள் பிறகு மருந்தையே தொடமாட்டேன் என்கிறார்கள்.

மனநல மருத்துவமனைக்குப் பேர்போன தஞ்சோங் ரம்புத்தான் ஊரைச் சொல்லி அக்கம்பக்கத்தில் பேசுவார்களே என்று தயங்காதீர்கள். பேசட்டும்.

சிகிச்சை ஓடத் தொடங்கியதும் மையத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள். பாலம் தாண்டித் தீவிலுள்ள ஜார்ஜ்டவுனுக்குத் தினமும் பஸ்ஸில் வருவது சிரமம், அதனால் வாரம் எத்தனை நாள் வந்தால் போதும், வீட்டுக்கு வந்து பார்ப்பார்களா, தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். அரசாங்கத்தின் சமூக மனநல மையமான மெந்தாரி பக்கத்தில் இருக்கிறதா என்று மருத்துவமனையிலும் விசாரியுங்கள். அங்கே வேலை தேடித் தரவும் உதவுகிறார்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது மகனின் அடையாள அட்டையோடு (ஐ.சி.) ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துப் போங்கள். எப்போது தூங்கினான், என்ன சாப்பிட்டான், எதைச் சொல்லிப் பயந்தான் என்று தேதி போட்டு இன்றிரவே எழுதத் தொடங்குங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும்.