வரியைத் தொடும் குண்டு

அன்புள்ள ஐயா,

என்னிடம் இருப்பது ஃபாலிங் பிளாக் வகை (குழலின் பின்பக்கத்தை மேலும் கீழும் நகரும் ஒரு கட்டை மூடும்) ஒற்றைத் தோட்டா ரைஃபிள், .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கானது. 168 கிரெய்ன் எடையில், பின்பக்கம் குறுகும் படகுவால் குண்டு போட்டுத் தோட்டாக்களை நானே நிரப்புகிறேன். தோட்டா நிரப்பும் கையேடு, தோட்டாவின் மொத்த நீளம் 71.4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்கிறது. என் குழலில் குண்டு வரிகளை, அதாவது உட்சுவரில் சுருளாக ஓடும் மேடுகளை, தொடுவதோ 73.1-இல். மேகஸின் (தோட்டா அடுக்கும் பெட்டி) இல்லாத துப்பாக்கிக்கு அந்த வரம்பு எதற்கு, வரியைத் தொட்டபடியே வை என்றார் நண்பர். அப்படி வைத்ததில் பிளாக்கை மூடவே அழுத்த வேண்டியிருந்தது. சுடாமல் வெளியே எடுத்தபோது குண்டு குழலிலேயே தங்கி, வெடிமருந்து முழுவதும் கொட்டிவிட்டது. அதோடு, ஒரே பெட்டிக் குண்டுகளை ஒரே டை (குண்டைப் பித்தளைக் கூட்டுக்குள் அழுத்தும் கருவி) அமைப்பில் இறக்கினாலும் நீளம் கால் மி.மீ. வரை மாறுகிறது. எந்த அளவை நம்புவது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நண்பர் சொன்னதில் பாதி சரி. தோட்டா மேகஸினுக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. கிரிம்ப்பும் (கூட்டின் வாயைக் குண்டின்மேல் நெரிப்பது) வேண்டாம், அதற்காகக் குண்டைச் சுற்றியுள்ள இடுப்புப் பள்ளத்தைக் கண்டுகொள்ளவும் வேண்டாம். ஆனால் மேகஸின் போனால் வேறு மூன்று எல்லைகள் வருகின்றன: வரிகள், குண்டைப் பிடிக்கும் கூட்டுக் கழுத்தின் பிடி, உங்கள் பிளாக்கின் பலம்.

கடைசியானதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். போல்ட் துப்பாக்கியில் பின்பக்கத்தை மூடும் போல்ட் திரும்பும்போது தோட்டாவை முன்னோக்கி நெருக்கி உள்ளே தள்ளும். ஃபாலிங் பிளாக் மேலும் கீழும் மட்டுமே நகரும். தள்ளும் வலு அதற்குக் குறைவு, பிடுங்கும் வலுவும் அப்படித்தான். அதனால் கட்டை விரலால் தள்ளினால் தோட்டா முழுதாக உள்ளே போய்விட வேண்டும். போகவில்லை என்றால் நீளம் அதிகம். குழலில் சிக்கிய குண்டை வாய்ப்புறத்திலிருந்து பொருத்தமான கம்பியால் மெல்லத் தட்டி எடுங்கள். பிறகு கொட்டிய மருந்தை, தோட்டா அமரும் சேம்பரிலும் பிளாக்கின் இடுக்குகளிலும் மிச்சமில்லாமல் துடையுங்கள். இன்னொரு தோட்டாவைச் சுட்டு அதை வெளியேற்ற நினைக்கவே கூடாது, குழல் வெடிக்கும்.

கால் மி.மீ. வித்தியாசத்துக்கு டை காரணமல்ல. இந்த வகைக் குண்டுகளில் முனை ஒரே மாதிரி இருக்காது. டையின் தண்டு குண்டைப் பிடித்து அழுத்துவது முனையில் அல்ல, அதற்குக் கீழே வளைவில். வரிகளைத் தொடுவதும் அந்த வளைவுதான். எனவே வெர்னியரில் கம்பேரட்டர் (குண்டின் வளைவில் உட்காரும் துளையுள்ள துண்டு) மாட்டி, கூட்டின் அடியிலிருந்து வளைவு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மொத்த நீளம் சும்மா ஒரு அடையாளத்துக்கு. வளைவளவே மாறினால், தண்டு குண்டின் நுனியில் முட்டுகிறதா என்று பாருங்கள். அல்லது மருந்து நெருக்கமாக நிரம்பி, இறக்கிய குண்டைத் திரும்ப மேலே தள்ளுகிறது.

73.1-ஐ எப்படி எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. கழுத்தில் கீறல் போட்ட வெற்றுக் கூட்டில் குண்டை நீளமாகச் செருகி அளந்திருந்தால் ஒரு சந்தேகம். வெளியே இழுக்கும்போது வரிகள் குண்டைப் பிடித்து நிறுத்திவிடும். அளவு கூடுதலாகக் காட்டும். குண்டுக்கு மார்க்கரால் கறுப்புப் பூசிச் செய்தால் நழுவிய தடம் தெரிந்துவிடும். உங்கள் துப்பாக்கிக்குக் கம்பி முறையே எளிது. துப்பாக்கி காலி என்று பார்த்து, பிளாக்கை மூடி, தட்டை முனைக் கம்பியை வாய்ப்புறத்திலிருந்து விட்டு, அது பிளாக்கில் முட்டும் இடத்தில் வாயருகே கம்பியில் கோடு போடுங்கள். பிளாக்கிலிருந்து சுடும் ஊசி வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பிளாக்கைத் திறந்து, குண்டைச் சேம்பருக்குள் விட்டு, பின்னாலிருந்து பென்சிலால் வரிகளோடு லேசாகச் சேர்த்துப் பிடித்தபடி, கம்பி குண்டின் முனையைத் தொடும் இடத்தில் இரண்டாவது கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ளது தொடும் நீளம். ஐந்து முறை செய்து, விலகி நிற்கும் அளவைத் தள்ளிவிடுங்கள்.

73.1 உறுதியானால் 72.6-இல் தொடங்கலாம், அதாவது வரியிலிருந்து அரை மி.மீ. (0.020 அங்குலம்) பின்னால். கழுத்துப் பிடியையும் கணக்குப் போடுங்கள். குண்டின் நீளம் 31, கூட்டின் நீளம் 51 மி.மீ. என்றால் 82, அதில் 72.6 போக 9.4 மி.மீ. உள்ளே இருக்கிறது. படகுவால் சுமார் 4. அதைக் கழுத்து பிடிக்காது. மிச்சம் 5.4. ஒரு குண்டு விட்டம் அளவாவது பிடி வேண்டும் என்பது பழைய விதி, இங்கே அது 7.8. மேகஸினில் அடிபடாத தோட்டாவுக்கு 5.4 போதும் என்பேன். விரலால் அழுத்தினால் குண்டு அசையக் கூடாது, அவ்வளவுதான். எடை குறைந்த குட்டைக் குண்டில் இதே கணக்குப் போட்டால் பிடியே மிஞ்சாது. அங்கே வரியை மறந்துவிடுங்கள்.

அங்கிருந்து 72.0, 71.4, 70.8 என்று இறக்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா. மருந்தின் எடை நான்குக்கும் ஒன்றே, அதுவும் கையேட்டின் தொடக்க அளவு. எந்த நீளத்தில் குண்டுகள் நெருங்கி விழுகின்றனவோ அதைச் சுற்றி 0.2 மி.மீ. படிகளில் மறுபடி பாருங்கள். பல குழல்களுக்கு வரியிலிருந்து தள்ளி நிற்பதுதான் பிடிக்கிறது. முழுச் செம்புக் குண்டாக இருந்தால் 1.3 மி.மீ. இடைவெளியிலிருந்தே ஆரம்பிப்பது வழக்கம்.

வரியைத் தொட்டு நிற்கும் குண்டுக்கு ஓட்டம் எடுக்க இடமில்லை. நின்ற இடத்திலிருந்தே வரிகளுக்குள் நுழைய வேண்டும், அதனால் அழுத்தம் எகிறும். இடைவெளி விட்டுத் தேறிய மருந்தளவை அப்படியே வைத்துக்கொண்டு குண்டை முன்னே நகர்த்துவது தவறு. தொடக்க அளவுக்கு இறங்கி, பிரைமர் (கூட்டின் அடியிலுள்ள தீமூட்டி) தட்டையாகிறதா, கூடு சிக்குகிறதா என்று பார்த்து ஏறுங்கள். ரொம்ப ஆழமாக இறக்கினாலும் கூட்டுக்குள் இடம் குறைந்து அழுத்தம் கூடும்.

ஈயக் குண்டும் கருமருந்தும் (பழைய கால வெடிமருந்து) வேறு உலகம். அங்கே வரியைத் தொடுவதுதான் முறை, மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்றிடமும் கூடாது. .32-40 என்ற பழைய தோட்டாவில் சுடும் போட்டிக்காரர்கள் சிலர் ஒரு படி மேலே போய், குண்டைக் கருவியால் நேரே குழலுக்குள் இறக்கிவிட்டு, மருந்துள்ள கூட்டைப் பின்னால் தனியாக வைப்பார்கள். ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியில்தான் இது சௌகரியம்.

சுடச் சுட வரிகளின் தொடக்கம் தேய்ந்து முன்னே போகும். சில நூறு தோட்டாக்களுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். இப்போது அளந்த அதே குண்டை ஒரு டப்பியில் தனியே போட்டு, மேலே தேதியும் 73.1 என்றும் எழுதி வையுங்கள். அடுத்த முறை வேறு குண்டால் அளந்தால், தேய்ந்தது குழலா, மாறியது குண்டா என்று தெரியாது.