மூன்று லட்சம் எதற்கு?

கேள்வி: கல்யாணமாகிப் பத்து வருஷம். மாலத்தீவுக்குப் போக வேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. டிராவல் ஏஜென்ட்டிடம் விசாரித்தால் நான்கு இரவுக்கு மூன்று லட்சம் என்கிறார். அதெல்லாம் நடிகர் நடிகைகள் போகிற இடம், நமக்கெதற்கு என்று விட்டுவிடலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: விட வேண்டாம். ஏஜென்ட் பொய் சொல்லவில்லை. பாதி மாலத்தீவை மட்டும் சொல்லியிருக்கிறார்.

அங்கே முதல் ரிசார்ட் 1972-ல் வந்தது. ரிசார்ட் என்றால் ஒரு தீவு முழுவதும் அவர்களுடையது. பக்கத்தில் பெட்டிக்கடைகூடக் கிடையாது. தண்ணீர் பாட்டிலுக்கும் அவர்கள் சொன்னதுதான் விலை. நெடுங்காலம் பயணிகள் ஒரு தீவு, உள்ளூர் மக்கள் வேறு தீவு என்றே நடந்துவந்தது. 2009-க்குப் பிறகுதான் மக்கள் வசிக்கும் தீவுகளிலும் கெஸ்ட் ஹவுஸ் நடத்த வழி பிறந்தது. மாஃபுஷி, துலுஸ்தூ, திகுரா எல்லாம் அப்படிப்பட்ட ஊர்த் தீவுகள். ரிசார்ட்டைச் சுற்றியிருக்கும் அதே நீலக் கடல்தான் இங்கும்.

அறை வாடகையைப் பார்த்து மயங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதலில் படகைக் கேளுங்கள். விமான நிலையமே தனித் தீவு. இறங்கியதும் கடலைக் கடந்தாக வேண்டும். தூரத்து ரிசார்ட் என்றால் கடல் விமானம், போய்வர ஆளுக்கு 400 டாலருக்கு மேல் ஆகிவிடும். அதுவும் பகலில் மட்டுமே பறக்கும். மலிவு டிக்கெட் என்று இரவில் போய் இறங்கினால் அன்றைக்குத் தலைநகர் மாலேயிலோ பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயிலோ ஓர் அறை எடுக்க வேண்டும். மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். மாஃபுஷிக்கு ஸ்பீட் போட்டில் அரை மணி, முக்கால் மணி நேரம். அரசுப் படகில் ஒன்றரை மணி நேரம் ஆகும், ஆனால் இரண்டு மூன்று டாலரில் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் அதை நம்பிக் கிளம்பாதீர்கள், அன்று ஓடாது.

அப்புறம், விளம்பரத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். அழகுக்கல்ல. 100 டாலர் அறை என்றால் சேவைக் கட்டணம் 10 சதவீதம், அதற்கும் மேல் சுற்றுலா வரி 17 சதவீதம். இது தவிர பசுமை வரி: சிறிய கெஸ்ட் ஹவுஸில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர், ரிசார்ட்டில் 12. இருவர் தங்கினால் அந்த 100 டாலர் அறை 140 டாலர் ஆகிவிடும். விசாவுக்குச் செலவில்லை. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்பும் பயணி விவரப் படிவமும் மாலத்தீவு அரசுத் தளத்தில் இலவசமே. அதற்குக் காசு கேட்கிற தளத்தை உடனே மூடிவிடுங்கள்.

ஊர்த் தீவில் மது கிடையாது. நீச்சலுடைக்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். தெருவில் அடக்கமாக உடுத்த வேண்டும். விருதுநகர்க்காரருக்கு இது பெரிய சிரமமாக இருக்காது என்று நினைக்கிறேன். காலையில் மஸ் ஹுனி கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள்: சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், தொட்டுக்கொள்ள ரொஷி என்கிற மெல்லிய ரொட்டி. தூத்துக்குடிப் பக்கம் மாசிக் கருவாட்டில் சம்பல் அரைக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த ருசி புதிதல்ல. தோணி போய்வந்த கடல்தானே!

சரி, எப்போது போவது? டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவு, விலை உச்சம். வருஷக் கடைசியில் பல ரிசார்ட்டுகள் விருந்துச் சாப்பாட்டைக் கட்டாயமாக்கி அதற்குத் தனி பில் போடும். மே முதல் மழை. விலை இறங்கும், கடல் கொஞ்சம் கொந்தளிக்கும். உங்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம், அங்கிருந்து மாலேக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? அவர் ஆசைப்பட்டது மாலத்தீவுக்கா, தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கும் அந்த மர வீட்டுக்கா? மர வீடுதான் என்றால் கெஸ்ட் ஹவுஸில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ‘கடல் அதே கடல்தானே’ என்று என் வசனத்தை அவரிடம் சொல்லாதீர்கள். மூன்று இரவு மாஃபுஷியில் தங்கி, ஒரு நாள் மட்டும் பக்கத்து ரிசார்ட்டுக்குப் பகல் பாஸ் எடுத்துப் போய்வாருங்கள். பெரும்பாலும் மதியச் சாப்பாடும் அதில் அடங்கும். ஆனால் மர வீட்டில் ஓர் இரவாவது தூங்கியே தீர வேண்டும் என்று அவர் சொன்னால், அந்த ஓர் இரவுக்கு மட்டும் ஏஜென்ட்டிடம் திரும்பப் போங்கள்.