கடை திறக்கும்வரை: தீபாவளி வீட்டுச் சிக்கல்கள் – வாசகர் கேள்வி பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்கள் ஒரே குறையைத்தான் சொல்கின்றன: பெருநாளன்றுதான் பழுது வருகிறது, அன்றுதான் வயர்மேனும் ஊரில் இருப்பதில்லை. அதனால் இம்முறை, ஹார்டுவேர் கடை திறக்கும்வரை வீட்டில் இருப்பவர்களே என்ன செய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பதை மட்டும் பார்ப்போம்.

கேள்வி: வாசலில் கலர் விளக்குச் சரம் கட்டியிருக்கிறோம். சாயங்கால மழை பிடித்ததும் வீடு முழுக்கக் கரண்டு போய்விடுகிறது. பக்கத்து வீட்டில் எரிகிறது. மெயின் சுவிட்சைத் தூக்கினால் உடனே விழுகிறது. சுவிட்ச் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் சுவிட்ச் கெட்டிருக்காது, அது தன் வேலையைச் செய்கிறது. முதலில் விழுந்தது எது என்று பாருங்கள். மெயின் சுவிட்ச் பலகையில் வரிசையாக இருக்கும் சின்னச் சுவிட்சுகள் எம்.சி.பி. அதில் ஒன்று மட்டும் விழுந்தால் அந்த லைனில் பளு அதிகம், அல்லது ஷார்ட். ஒரே எக்ஸ்டென்ஷனில் 2,000 வாட் கெட்டிலும் 1,500 வாட் மின்சார ஓவனும் ஓடினால் 3,500 வாட் ஆகிறது. 13 ஆம்பியர் பிளக் தாங்குவது ஏறக்குறைய 3,000தான். அகலமாக, ‘டி’ என்ற எழுத்துள்ள பட்டனோடு இருப்பது ஆர்.சி.சி.பி. அது விழுந்தால் கரண்டு எங்கோ தரைக்குக் கசிகிறது என்று பொருள். அக்டோபர், நவம்பர் இடிமழையில் நனையும் விளக்குச் சரத்தின் மேல்தான் முதல் சந்தேகம்.

கை காய்ந்திருக்கட்டும், ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். எல்லா எம்.சி.பி.யையும் இறக்குங்கள். பிறகு வீட்டிலுள்ள எல்லாப் பிளக்கையும் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள், போதாது. எம்.சி.பி.யும், பெரும்பாலான சுவர்ச் சுவிட்சுகளும் லைவ் கம்பியை மட்டுமே துண்டிக்கின்றன. நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தும் ஆர்.சி.சி.பி. விழும். பலர் மணிக்கணக்கில் தேடியும் பழுது பிடிபடாததற்கு இதுதான் காரணம்.

இப்போது ஆர்.சி.சி.பி.யை முழுக்கக் கீழே அழுத்தி, பின் மேலே தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ அந்த லைனின் நிரந்தர வயரிங்கில் கோளாறு. அதை இறக்கியே வைத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம். எல்லாம் நின்றால் பிளக்குகளை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். குற்றவாளி விளக்குச் சரமாகவோ, தண்ணீர்ப் பம்பாகவோ, பழைய ஐஸ்பெட்டியாகவோ தானே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாவற்றையும் உருவி, எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருக்கும்போதே ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள், அது வயர்மேன் வேலை. பலகைக்குள் தண்ணீர் சொட்டினாலோ தீய்ந்த வாடை வந்தாலோ கிட்டவே போகாமல், மின்சார நிறுவனமான டி.என்.பி.யின் 15454க்கு அழையுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘பெருநாள் முடியும்வரை டைரக்டாகக் கொடுத்துவிடுகிறேன்’ என்று ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி இணைப்புக் கொடுக்கும் ஆட்கள் உண்டு. கூலி வாங்காமல் செய்து தந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். 230 வோல்ட்டுக்கும் ஈரக் காலுக்கும் நடுவே இருப்பது அது ஒன்றுதான்.

சரத்தைக் காயவைத்து மறுபடி கட்டும்போது, கறுப்பு டேப் சுற்றிய மூட்டு தரையில் கிடக்கக் கூடாது. பிளாஸ்டிக் போத்தலின் அடியை வெட்டி, வெட்டிய வாய் கீழே பார்க்கும்படி மூட்டின் மேல் கவிழ்த்துக் கட்டுங்கள். வயர் மூட்டுக்குள் நுழையுமுன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறட்டும், மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். தகரக் கூரையிலும் இரும்புக் கேட்டிலும் வயரைச் சுற்றாதீர்கள்.

கேள்வி: முறுக்குச் சட்டியில் தீப்பிடித்தால் மாவைக் கொட்டினால் அணையும் என்கிறார் என் மாமியார். சரியா? எண்ணெய் கையில் பட்டால் கிச்சாப் (சோயா சாஸ்) தடவலாமா?

பதில்: இரண்டுமே கூடாது. மாத்தூள் நெருப்பின் மேல் பறந்தால் குப்பென்று பற்றும். தண்ணீர் அதைவிட மோசம். அது எண்ணெய்க்கு அடியில் இறங்கி நொடியில் ஆவியாகிறது. ஆவியானால் அதன் கன அளவு சுமார் 1,700 மடங்கு. எரிகிற எண்ணெயைக் கூரைவரை தூக்கி எறிவது அந்த ஆவிதான். அடுப்பை அணையுங்கள், சட்டியைவிடப் பெரிய மூடியையோ அலுமினியத் தட்டையோ பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுங்கள். குறைந்தது அரை மணி நேரம் திறந்து பார்க்காதீர்கள், சூடு தணியாத எண்ணெய் காற்றுப் பட்டதும் மறுபடி பற்றும். எரியும் சட்டியை வெளியே தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் பெரும் காயங்களுக்குக் காரணம். தீ கூரையை எட்டிவிட்டால் எல்லாரும் வெளியேறிக் கதவைச் சாத்திவிட்டு 999. அதனால் மூடியைத் தேடி எடுத்து அடுப்பருகே வைத்த பிறகே மாவைப் பிழியத் தொடங்குங்கள்.

சுட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் எல்லாரும் கையை எடுத்துவிடுகிறார்கள், ஆனால் தோலுக்கு அடியில் சூடு இன்னும் இருக்கும். வீங்குமுன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்க வேண்டாம். கிச்சாப், பற்பசை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். உணவு மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலாக விரித்து மூடலாம், இறுக்கிச் சுற்றக் கூடாது. பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய புண், முகம், கை, மூட்டு, அல்லது குழந்தை என்றால் ஆஸ்பத்திரிதான்.

கேள்வி: விருந்துக்குக் கடன் வாங்கிய பெரிய அடுப்பின் ரெகுலேட்டரை வீட்டு அடுப்புக்கும் மாட்டலாமா? இப்போதே லேசாக வாடை வருகிறது.

பதில்: மாட்டவே கூடாது. அது ஹை பிரஷர். வீட்டு அடுப்பின் குழாயும் குமிழும் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

வாடைக்கு: தோம்பை (கேஸ் சிலிண்டரை) மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், விளக்கு, ஃபேன் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து கால்வாயில் தங்கும். சாமி விளக்கையும் ஊதுபத்தியையும் அணைக்க மறக்காதீர்கள். வாடை முழுக்கப் போன பிறகு, நெருப்பில்லாத திறந்தவெளியில் தோம்பை நிமிர்த்தி வைத்து மாட்டித் திறந்து, சவர்க்காரத் தண்ணீரை வால்விலும் டியூப்பின் இரு முனையிலும் தடவுங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை. டியூப் வெடித்திருந்தால் மாற்றுங்கள், டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம். வால்விலேயே குமிழி வந்தால் தோம்பை மூடி வெளியே வைத்துக் கடைக்காரரிடம் திருப்புங்கள்.

கேள்வி: சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை. சோடா ஆப்பி (காஸ்டிக் சோடா) போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது.

பதில்: எண்ணெயும் அரிசிமாவும் குழாய்க்குள் சேர்ந்தால் பசையாகி இறுகும். அதன் மேல் சோடா ஆப்பியைக் கொட்டினால், எண்ணெயோடு கலந்து கட்டிச் சோப்பாகி இன்னும் நன்றாக அடைக்கும். உங்களுக்கு நடந்தது அதுதான். அதன் மேல் கழிப்பறை ஆசிட்டையோ குளோரோக்ஸ் ப்ளீச்சையோ ஊற்றாதீர்கள். அவை இரண்டும் கலந்தால் குளோரின் புகை, சோடாவோடு ஆசிட் சேர்ந்தால் கொதித்துத் தெறிக்கும்.

தடித்த ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தேங்கிய தண்ணீரைப் பிளாஸ்டிக் குவளையால் அள்ளி வாளிக்கு மாற்றுங்கள். சிங்க்கின் அடியில் வளைந்த குழாய் அல்லது போத்தல் போன்ற பகுதி இருக்கும். அதன் கீழே வாளி வைத்து, நட்டைக் கையாலேயே இடப்பக்கமாகத் திருப்பிக் கழற்றுங்கள். உள்ளிருக்கும் ரப்பர் வளையம் விழுந்து தொலையும், பத்திரம். அழுக்கைச் சுரண்டி, வெளியே வைத்துக் கழுவி மாட்டுங்கள். அந்தப் பகுதி சுத்தமாக இருந்தால் அடைப்பு சுவருக்கு அப்பால், அதை இன்னும் மாட்ட வேண்டாம். லயத்து வீடுகளில் குழாய் பின்பக்கக் கால்வாயில்தான் முடியும். அந்த முனையிலிருந்து தோட்டத்து ஹோஸை உள்ளே தள்ளித் தண்ணீரைப் பாய்ச்சுங்கள். உள்ளே வாளி அப்படியே இருக்கட்டும், வருவது எல்லாம் அங்கேதான் கொட்டும்.

கொதிநீர் வேண்டாம், பி.வி.சி. மூட்டு இளகும். இனிமேல் சட்டியைப் பழைய தாளால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். ஆறிய எண்ணெயைப் போத்தலில் ஊற்றி வையுங்கள், காசு கொடுத்து வாங்கிப்போக ஆள் இருக்கிறது.

கேள்வி: செம்பனை ஓரத்து வீடு. விறகுக்குப் பின்னால் நாகம் புகுந்துவிட்டது.

பதில்: அடிக்கப் போகாதீர்கள். பாம்பின் மேல் ஒரு கண் வைத்தபடி தள்ளி நின்று, 999ஐ அழைத்துப் பாம்பு என்று சொல்லுங்கள். இங்குள்ள நாகங்களில் விஷத்தைக் கண்ணைக் குறிவைத்துத் துப்பும் இனமும் உண்டு. பட்டுவிட்டால் கசக்காமல் 20 நிமிடம் தண்ணீரால் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம், கடிபட்ட கையை அசைக்காமல் ஏற்றிச் செல்லுங்கள்.

கேள்வி: மூன்று நாள் ஊருக்குப் போகிறோம். நடுவில் கரண்டு போய் வந்தால் ஐஸ்பெட்டி ஆட்டிறைச்சியை நம்பலாமா?

பதில்: மூடியே இருந்தால் கீழ்ப்பகுதி 4 மணி நேரம் தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். எவ்வளவு நேரம் கரண்டு போனது என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே ஒரு குவளைத் தண்ணீரை உறையவைத்து, மேலே 20 சென் காசு வைத்து ஃப்ரீசரில் விட்டுப் போங்கள். திரும்பும்போது காசு மேலேயே இருந்தால் சமைக்கலாம். அடியில் இருந்தால், எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. வாடை வராவிட்டாலும் இறைச்சியைக் கொட்டிவிடுங்கள்.